ஏழாம் பாட்டு பிடித்தவளின் கணவன்

இரண்டு காதிலும் ஆள்காட்டி விரலைச் சொருகிக்கொண்டு அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்தான் முகமது இஸ்மாயில்.

பின்னால் குப்பை வண்டி.

மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துப் போடச் சொல்லும் பாட்டை ஒலிபெருக்கியில் அலறவிட்டபடி அது வந்துகொண்டிருந்தது. அவன் இடப்பக்கம் ஒதுங்கினான், அதுவும் ஒதுங்கியது. நின்றான்; அதுவும் நின்றது. அங்கே ஒரு குப்பைத் தொட்டி இருந்தது. மறுபடி ஓடினான். நடைப்பயிற்சிக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் வழிவிட்டபடி, "இன்னா பாய், காதுல எறும்பு பூந்துகிச்சா?" என்றார். இஸ்மாயிலுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஆபத்தில்லை. பேச்சுக்கு அனுமதி உண்டு. பாட்டுதான் கூடாது.

ஒரே ஒரு வரி உள்ளே போனால் போதும், மூன்று நாள் செவி விரதம் பாழ். விரதம் பாழானால் விசாரணை கிடையாது. விசாரணை இல்லையென்றால் அனுமதிச் சீட்டு கிடையாது. சீட்டு இல்லாமல் வீட்டுக்குப் போனால் சபீனாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

சபீனா எதையும் கேட்கிற ரகம் இல்லை. குமணன்சாவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு டீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைகள் அவளிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால், வீட்டில் அவள் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. போன மாதம் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"மச்சான், கரி எஞ்சின் திரும்பப் பாடப் போறாங்களாம். ஆவடியில. ஒரே ஒரு தடவதானாம். என்னக் கூட்டினு போறீங்களா?"

"இவ்ளோதானே?" என்றான் இஸ்மாயில்.

அந்த ஒரு வார்த்தைதான் இப்போது அவனை ஏரிக்கரையில் விரட்டிக்கொண்டிருந்தது.

கரி எஞ்சின் ஒரு ராக் இசைக்குழு. பட்டாபிராமில் ராணுவச் சரக்கு ரயில்கள் ஒதுங்கி நிற்கும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில், ஒரு தகர ஷெட்டில் நான்கு பேர் ஆரம்பித்தது. ரேஷ்மா பாடுவாள். பாட்டு எழுதுவதும் அவள்தான். ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள். ரயில் ஒதுங்கி நிற்கும் அந்தத் தண்டவாளத்தின் பெயர்தான் அதற்கும்: 'சைடிங்'. ஒன்பது பாட்டு. அப்புறம் ஆளுக்கொரு பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள். ரசிகர்களும் வேலைக்குப் போனார்கள், ஆனால் மனசை விட்டுவிட்டுப் போனார்கள். மனசை எங்கேயோ விட்டுவந்தவர்கள் நாலு பேர் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் சந்தித்துக்கொண்டால் அங்கே ஒரு சங்கம் முளைத்துவிடும்.

முளைத்தது. 'சைடிங் செவிப் பேரவை.' ஆல்பத்தின் மிகச் சிறந்த பாட்டு எது, மிக மோசமான பாட்டு எது என்று ஆராய்வது அதன் நோக்கம்.

முதலில் பேசித்தான் பார்த்தார்கள். அம்பத்தூர்க்காரர்கள், மூன்றாம் பாட்டான 'கேட் மூடியாச்சு'வைவிட உயர்ந்த படைப்பு மனித குலத்திடம் இல்லை என்றார்கள். அந்தப் பாட்டில் கிடார் மட்டும் தனியாக வாசிக்கும் இடம், உண்மையான ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரத்தைவிட நீளம். ஆவடிக்காரர்கள் நான்காம் பாட்டான 'டீசல் மழை'தான் என்றார்கள். பேச்சு தடித்தது. வேப்பம்பட்டில் ஒரு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை காலர் டியூனாக நான்காம் பாட்டை வைத்திருந்தது தெரியவந்ததால் பாதியில் நின்றது. தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு பெண் வீட்டார் எழுந்துவிட்டார்கள். பெண்ணும் சேர்ந்துதான் எழுந்தாள் என்பதைப் பேரவை இன்றும் பெருமையாகச் சொல்கிறது.

அதற்குப் பிறகு உடன்படிக்கை. ஒற்றைப்படை மாதங்களில் மூன்றாம் பாட்டு சிறந்தது, இரட்டைப்படை மாதங்களில் நான்காம் பாட்டு. மாதம் பிறக்கும் தினத்தில் யாரும் எதுவும் பேசக் கூடாது.

மோசமான பாட்டு எது என்பதில் மட்டும் ஆரம்பத்திலிருந்தே சண்டையில்லை. ஏழாம் பாட்டு. 'ரெண்டாவது டம்ளர்.' அதில் கிடார் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. எவர்சில்வர் டம்ளரில் யாரோ ஸ்பூனால் தட்ட, ரேஷ்மா பாடுவாள். அவ்வளவுதான். அம்பத்தூரும் ஆவடியும் கட்டிப்பிடித்துக்கொண்டு அதைத் திட்டின. பேரவையின் ஒற்றுமை முழுவதும் அந்தச் சின்னப் பாட்டின் முதுகில்தான் நின்றுகொண்டிருந்தது.

கச்சேரி அறிவிப்பு வந்ததும், சீட்டு இலவசம் என்று தெரிந்ததும், அதை வழங்கும் பொறுப்பைப் பேரவை ஏற்றுக்கொண்டது. யாரும் அதனிடம் கொடுக்கவில்லை. ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். தகுதியுள்ள காதுகளுக்கு மட்டுமே சீட்டு.

சபீனா முதல் நாளே விசாரணைக்குப் போய்விட்டாள். சிறந்த பாட்டு எது என்று கேட்டார்கள்.

"ரெண்டாவது டம்ளர்," என்றாள். சொன்னதோடு நிற்காமல், கேட்டவர்களுக்கு ஒருவேளை ஞாபகமில்லையோ என்று நினைத்து, மேஜையில் விரலால் தட்டிப் பாடியும் காட்டினாள்:

"ஒரு டம்ளர் எனக்கு, ரெண்டாவது யாருக்கோ, ஆறட்டும் ஆறட்டும், வர்றவங்க வரட்டும்..."

சிரித்துக்கொண்டே பாடினாள். அது தனிக் குற்றமாகப் பதிவானது. கீழ்ச்செவி என்று வகைப்படுத்தி அனுப்பிவிட்டார்கள். மேல்முறையீடு இல்லை. ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதே வீட்டிலிருந்து இன்னொருவர் விசாரணையில் தேறி, அவள் காதுக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

அந்த வீட்டில் இன்னொருவர் இஸ்மாயில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவன். அவனுக்குப் பாட்டு என்றால் பஸ்ஸில் தூக்கம் வரவைப்பது.

விரலை எடுக்காமலே ஓடி, பேரவை கூடும் குடியிருப்பின் கேட்டுக்குள் புகுந்தான். குப்பை வண்டி ஏமாற்றத்துடன் நேராகப் போனது.

ஃபாரூக் வாசலிலேயே நின்றிருந்தான். ஒரே கம்பெனி, பட்டாபிராம்காரன், போன வாரம் விசாரணையில் தேறி நடுச்செவி வாங்கியவன். அந்தச் செருக்கில் அன்றிலிருந்து எல்லோரிடமும் லேசாகத் தலையைச் சாய்த்தே பேசுகிறான்.

"வெரல எடு மாமே. வண்டி பூட்ச்சு."

"ஒரு வரி உள்ள பூந்துச்சுடா ஃபாரூக்கு. 'மக்காத'ன்னு."

"ஒரு வார்த்தைதானே? வாயத் தொறக்காத. இத பாரு, நல்லா கேட்டுக்க. கிடார் தனியா வாசிப்பான் பாரு, அப்ப கண்ண மூடிக்கினு தலைய ஆட்டணும். இப்டி, சைடுல. மேலயும் கீழயும் ஆட்னேன்னு வெய்யி, சினிமாப் பாட்டுக் கேஸுன்னு தூக்கி வெளிய போட்ருவானுங்க."

"அழணுமா?"

"லைட்டா. மூக்க உறிஞ்சாத. போன வாரம் ஒருத்தன் உறிஞ்சிட்டான். ரிதம் கெட்டுப்போச்சுன்னு தலைவரு எந்திரிச்சிட்டாரு."

"வெரதத்துல கேக்கலாம்னு வுட்ட ஆல்பம் மட்டும் மனப்பாடம்டா. சபீனா போன்ல போட்டுக் கேட்டுகினேதான் கீறேன். ஒன்னுலேந்து ஒம்போது வரிக்கும் வரிசையா."

"அப்ப இன்னா பயம்? போ நைனா, தூக்கு."

உள்ளே நீண்ட மேஜை. நடுவில் பெரிய ஸ்பீக்கர், மாலை போட்டு. அதற்குப் பின்னால் தலைவர் ஜானகிராமன். பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மனிதவளத் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். மனிதர்களை வரிசையில் நிற்கவைத்துப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வருவதில்லை. பக்கத்தில் செயலாளர் சாமுண்டீஸ்வரி, கையில் பென் டார்ச்சுடன். இரண்டு பேருக்கும் இருபுறமும் பேரவை உறுப்பினர்கள்.

"காதைக் காட்டுங்க."

டார்ச் அடித்துப் பார்த்தாள். இடது காதில் நீண்ட நேரம் பார்த்தாள்.

"இங்க ஏதோ இருக்கே."

"அழுக்கா இருக்கும் மேடம்."

"அழுக்கு பரவாயில்ல. நான் பார்க்கிறது மெலடி." இன்னொரு தரம் அடித்துப் பார்த்துவிட்டு விட்டாள். "சரி. ஸ்பீக்கர் மேல கை வையுங்க. கேட்டதைத் தவிர வேறெதையும் கேட்கலைன்னு சொல்லுங்க."

"கேட்டதத் தவுர வேற எதயும் கேக்கல."

ஜானகிராமன் தொண்டையைச் செருமினார். விசாரணைக்கு முன் தலைவர் உரை என்பது விதி. விதியை எழுதியவர் தலைவர்.

"நண்பரே, மூன்றாம் பாட்டைப் பற்றி நான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் பணிக்காலத்தில் ஒரே நாளில் நானூறு பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் கர்ப்பிணிகள் இருந்தார்கள். கடன் வாங்கி வீடு கட்டியவர்கள் இருந்தார்கள். ஒருவர் என் காலைப் பிடித்தார். என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. நானே பயந்து டாக்டரிடம் போனேன். கண்ணில் கோளாறு இல்லை என்றார். அன்று மாலை காரில் மூன்றாம் பாட்டைக் கேட்டேன். கிடார் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. விம்மி விம்மி அழுதேன். டிரைவர் வண்டியை ஓரம் கட்டினான். அன்றைக்குத்தான் எனக்கு எவ்வளவு மென்மையான மனசு என்று எனக்கே தெரிந்தது."

சாமுண்டீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கும் விதி இருந்தது.

"சார், அந்த நானூறு பேரு?" என்று கேட்டுவிட்டான் இஸ்மாயில்.

"அவர்கள் ஆல்பத்தில் இல்லை," என்றார் ஜானகிராமன். "இப்போது ஏழாம் பாட்டுக்கு வருகிறேன். அது ஏன் மோசம்? பலர் கிடார் இல்லை என்பார்கள். அது மேலோட்டமான விமர்சனம். என் வீட்டில் வேலை செய்கிற அம்மா, ஒருநாள் தரையைத் துடைத்துக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். ஒரே ஒரு தடவை என் அறையிலிருந்து கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான், பிடித்துவிட்டது. நண்பரே, நான் மூன்றாம் பாட்டை நாற்பது தடவை கேட்ட பிறகுதான் எனக்கு அது பிடிக்கவே ஆரம்பித்தது. இரண்டு பேருக்கும் ஒரே காது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள முடியுமா? அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டேன். பாட்டையும்தான்."

தலைவர் உரை முடிந்தது. பரீட்சை ஆரம்பமானது.

"இது என்ன மாசம்?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"ஜூலை மேடம். ஒத்தப்படை. அதனால மூனாவது பாட்டுதான் சிறந்தது."

"மோசமானது?"

"ஏழாவது."

மேஜைக்குப் பின்னால் தலைகள் ஆடின. பக்கவாட்டில். இஸ்மாயிலுக்கு உயிர் வந்தது. மூன்றாம் பாட்டைப் போட்டார்கள், கண்ணை மூடினான், தலையைச் சாய்த்தான், மூக்கை உறிஞ்சாமல் ஒரு சொட்டுக் கண்ணீரையும் வரவழைத்துவிட்டான். குப்பை வண்டியை நினைத்துக்கொண்டதில் அது தானாகவே வந்தது.

"அருமை," என்றார் ஜானகிராமன். "இப்போ நீங்க அழுதது எந்தப் பாட்டுக்கு?"

"அஞ்சாவதுக்கு சார்."

ஆடிக்கொண்டிருந்த தலைகள் நின்றன.

"என்ன சொன்னீங்க?"

"அஞ்சாவது சார். மொதல்ல 'பொதுப்பெட்டி' வரும், அப்பறம் அந்த டம்ளர் பாட்டு, அப்பறம்..." விரல் விட்டு எண்ணினான். எண்ண எண்ண, எதிரே இருந்தவர்களின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

சாமுண்டீஸ்வரி மெதுவாக எழுந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டில் கொலை நடந்த மாதிரி கேட்டாள். "ஷஃபிள்ல கேட்டீங்களா?"

"அப்டின்னா மேடம்?"

"போன்ல ரெண்டு அம்புக்குறி ஒண்ணையொண்ணு குறுக்க வெட்டிக்கிட்டுப் போற மாதிரி ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினா பாட்டு வரிசை மாறி வரும். அது பச்சையா எரிஞ்சுதா?"

இஸ்மாயில் யோசித்தான். எரிந்தது. மூன்று நாளும் எரிந்தது. அழகுக்கு எரிகிறது என்று நினைத்திருந்தான்.

ஜானகிராமன் ஸ்பீக்கரின் மாலையைச் சரிசெய்தார். "ஒன்பது பாட்டும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பிள்ளை, பேரன் என்று வரிசை. நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் தெரியுமா? பேரனுக்குப் பிறகு தாத்தாவைப் பிறக்கவைத்திருக்கிறீர்கள்."

"தெரியாம நடந்துபோச்சு சார்."

"யாருடைய போன்?"

இஸ்மாயில் மறுபடி விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான்.

"போன் யாருடையதுன்னு கேட்கிறார்," என்றாள் சாமுண்டீஸ்வரி.

"ஊட்டுலது மேடம். சபீனாது."

மேஜைக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு எழுந்தது. குற்றவாளி கிடைத்துவிட்ட நிம்மதி அதில் தெரிந்தது. ஏழாம் பாட்டுக்காரி. அவளேதான் வரிசையையும் குலைத்திருக்கிறாள். எல்லாம் பொருந்திவந்தது.

"உங்க மேல தப்பில்ல," என்று ஜானகிராமன் கனிவாகச் சொன்னார். ஆட்களை வீட்டுக்கு அனுப்பும்போது பழகிய கனிவு. "கெட்ட காது உள்ள வீட்டில் நல்ல காது தேறாது. உங்களைத் தேறவைக்க ஒரு வழி இருக்கிறது. உங்களுக்கும் சீட்டு, அவளுக்கும் சீட்டு. அவளை நீங்களே கண்டித்து, இங்கிருந்தே அவளுக்குத் தெரிவிக்க வேண்டும். ஸ்பீக்கரில்."

"இப்பவா சார்?"

"காது சூடாக இருக்கும்போதே."

சாமுண்டீஸ்வரி வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு தரம் திருப்பிச் சொல்லவைத்தாள். இஸ்மாயிலின் போனை மாலை போட்ட ஸ்பீக்கரோடு இணைத்தார்கள். மணி அடித்தது. ஹால் முழுக்க அடித்தது.

"மச்சான்!" சபீனாவின் குரல் சுவரில் மோதித் திரும்பியது. "தேறிட்டீங்களா? நான் அப்பவே நெனச்சேன். சொல்லுங்க சொல்லுங்க, அடுப்புல வச்சிட்டு நிக்கறேன்."

இஸ்மாயில் ஸ்பீக்கரைப் பார்த்து ஒப்பித்தான்.

"சபீனா, நான் சொல்றத கேட்டுக்க. என் மனைவி சபீனாவின் செவி கீழ்ச்செவி என்று ஒப்புக்கொள்கிறேன். ஏழாம் பாட்டு நல்ல பாட்டு என்று அவள் சொன்னது அவளுடைய அறியாமை..."

மறுமுனையில் நீளமாக ஒரு விசில் கேட்டது. சாமுண்டீஸ்வரி விறைத்துப்போய், "அது என்ன இசை?" என்றாள்.

"குக்கர் மேடம்."

"தொடருங்க."

"அவளுடைய ரசனைக்கு இனிமேல் நானே பொறுப்பு. ஆல்பத்தின் வரிசை குலைந்ததற்கு அவளே காரணம்."

"முணுமுணுப்பு," என்று ஜானகிராமன் எடுத்துக்கொடுத்தார்.

"இனிமேல் வீட்டில் அவள் எதையும் முணுமுணுக்கமாட்டாள் என்று உறுதி கூறுகிறேன்."

இன்னொரு விசில். யாரோ அடுப்பை அணைக்கும் சத்தம்.

"யாரு எழுதிக் குடுத்தது மச்சான்?"

"நானே... நானேதான் சொல்றேன்."

"நீங்களா? 'அறியாமை'ன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வந்து நான் கேட்டதே இல்லியே."

யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். சாமுண்டீஸ்வரி டார்ச்சை அந்தப் பக்கம் அடித்தாள். சிரிப்பு நின்றது.

"சபீனா," என்றான் இஸ்மாயில், இந்தத் தடவை சொந்தக் குரலில். "சரின்னு சொல்லிட்டா முடிஞ்சுது. ரெண்டு பேருக்கும் சீட்டு குடுக்கறாங்க. ஒனக்காகத்தான்..."

மாலையிலிருந்து ஒரு பூ விழுந்தது.

"எனக்குக் காது சரியில்லன்னு ஒத்துக்கறேன்," என்றாள் சபீனா. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, ஒவ்வொரு வார்த்தையாக. "போதுமா சார்? மேடம், போதுமா?"

"போதும்மா," என்றார் ஜானகிராமன். "பெருந்தன்மையான மனசு."

அன்றிலிருந்து வீட்டில் பாட்டு நின்றது.

அவள் சண்டை போடவில்லை. சோறு போட்டாள். சட்டைக்கு இஸ்திரி போட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். காலையில் பாத்திரம் கழுவும்போது டம்ளரில் ஸ்பூன் பட்டால்கூட, சட்டென்று கையால் பிடித்துச் சத்தத்தை நிறுத்தினாள். இஸ்மாயிலுக்கு அந்த நிறுத்தம்தான் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அடுக்களையில் எந்நேரமும் எதுவோ ஓடிக்கொண்டிருந்தது என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் தாங்காமல் கேட்டான். "ஒரு வரி பாடேன்."

"என் ரசனைக்கு நீங்கதானே பொறுப்பு மச்சான். நீங்க பாடுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபாரூக் வந்தான். கையில் பேரவை அட்டை. பதவி, வீட்டுச் செவி ஆய்வாளர். முகத்தில் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் பெருமிதம்.

"தப்பா நெனச்சுக்காத மாமே. முணுமுணுக்கறாங்களான்னு ஒரு அரைமணி நேரம் உக்காந்து கேட்டுட்டு எழுந்து பூடுவேன். ரூல்ஸு."

அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டான். சபீனா டீ போட்டாள். ஒரு டம்ளர் அவனுக்கு. வேறு யாருக்கும் போடவில்லை.

"டீ சூப்பர் பாபி."

"சத்தம் போடாம குடிங்க தம்பி. உறிஞ்சினா ரிதம் கெட்டுடும்."

ஃபாரூக் கடைசி வரை சத்தமில்லாமல்தான் குடித்தான். நாக்கைச் சுட்டுக்கொண்டான். திருப்திகரம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

கச்சேரி நாள் வந்தது. ஆவடியில் ஒரு பள்ளி மைதானம். வெயில் தாழும் நேரம். சபீனா பச்சை சுரிதார் போட்டிருந்தாள், பெருநாளைக்கு எடுத்தது. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆவடி மார்க்கெட் தாண்டும்போது அவள் விரல் முன்சீட்டுக் கம்பியில் லேசாகத் தட்டுவதை இஸ்மாயில் பார்த்தான். பார்க்காத மாதிரி இருந்தான். ரேஷ்மா அந்தப் பாட்டைப் பாடினால் எல்லாம் சரியாகிவிடும். பாடட்டும். சபீனா சிரிக்கட்டும். ஹாலில் தான் சொன்னது அத்தனையும் அந்தச் சிரிப்பில் கழுவிக்கொண்டு போகட்டும்.

மேல்செவிக்கு முன்வரிசை சோபா. நடுச்செவிக்கு நாற்காலி. கீழ்ச்செவிகளுக்குப் பின்னால் ஜமக்காளம், பொறுப்பாளர்கள் கூடவே உட்கார வேண்டும். வாசலில் சபீனாவின் கையில் ஒரு உருண்டை பஞ்சைக் கொடுத்தார்கள்.

"ஏழாம் பாட்டு வர்றப்ப வச்சுக்கணும்," என்றார்கள்.

அவள் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மேடை ஜொலித்தது. டிரம்ஸ் தயாராக நின்றது. இரண்டு கிடார்கள். நடுவில் மைக், ஒரு பெண்ணின் உயரத்துக்குத் தாழ்த்திவைத்து. ஜமக்காளத்திலிருந்து சபீனா எக்கி எக்கி அந்த மைக்கையே பார்த்தாள்.

ஜானகிராமன் ஏறினார். வரவேற்றார். பேரவை வளர்ந்த வரலாறு, உடன்படிக்கை, ஷஃபிள் என்னும் நோய், அதற்கு இளைஞர்கள் பலியாகும் அவலம் என்று பேசிக்கொண்டே போனார். தேறியவர்களின் பெயர்களை வாசித்தார். தேறாதவர்களின் பெயர்களை அதைவிட நிதானமாக வாசித்தார். சபீனாவின் பெயர் வந்தபோது முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பிறகு மூன்று பேரவை உறுப்பினர்கள் மேடையேறி, வாத்தியங்களுக்குப் பின்னால் கைகட்டி நின்றார்கள். மைக்குக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. ஸ்பீக்கரில் ஆல்பத்தைப் போட்டிருந்தார்கள்.

"இது சும்மா மொதல்ல," என்றான் இஸ்மாயில். "வார்ம் அப்பு. பெரிய கச்சேரில்லாம் இப்டித்தான் ஆரம்பிப்பாங்க."

சபீனா தலையாட்டினாள்.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது. மூன்றாவதுக்கு மைதானமே பக்கவாட்டில் ஆடியது; தூரத்திலிருந்து பார்த்தால் பூகம்பம் மாதிரி இருந்திருக்கும். கைகட்டி நின்றவர்களில் ஒரு கிடாருக்குப் பின்னால் நின்றவர் மட்டும் அழுதார். நான்காவதுக்கு ஆவடிக்காரர்கள் எழுந்து நின்றார்கள். ஆறாவது முடிந்ததும் ஸ்பீக்கர் நின்றது. சபீனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எல்லோரும் எழுந்து, அடுத்த பாட்டு ஓடக்கூடிய நேரம் முழுக்க, தலை குனிந்து மௌனம் காத்தார்கள். பிறகு எட்டாவது ஓடியது. ஒன்பதாவது ஓடியது. கைதட்டல். நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள்.

சபீனா ஜமக்காளத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மைக்கைப் பார்த்துக்கொண்டே.

ஜமக்காளத்தைச் சுருட்ட சாமுண்டீஸ்வரியே வந்தாள். "எந்திரிம்மா. நிகழ்ச்சி முடிஞ்சுது."

"மேடம், ரேஷ்மா எப்ப வருவாங்க?"

"எந்த ரேஷ்மா?"

"பாடறவங்க மேடம்."

"ஓ, அவங்களா." சாமுண்டீஸ்வரி ஜமக்காளத்தின் ஒரு முனையைப் பிடித்து உதறினாள். "அவங்களுக்குச் சீட்டு கிடைக்கலம்மா. குழுவில மத்தவங்களும் அவங்க இல்லாம வரமாட்டோம்னுட்டாங்க."

இஸ்மாயில் எழுந்துவிட்டான். "இன்னா மேடம் சொல்றீங்க? அவங்க பாட்டுதானே அது?"

"அதனாலதான் மொத ஆளாவே கூப்பிட்டு விசாரிச்சோம். ஒரு மரியாதைக்கு. உங்களைக் கூப்பிடறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே முடிஞ்சுடுச்சு."

"ரெண்டு வாரம் முன்னாடியா? அப்பறம் எதுக்கு மேடம் என்ன விசாரிச்சீங்க?"

சாமுண்டீஸ்வரிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. விசாரணை நிற்பதற்கும் கச்சேரி நிற்பதற்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல அவனைப் பார்த்தாள்.

சபீனாதான் கேட்டாள். "அவங்க இன்னா தப்பு பண்ணாங்க மேடம்?"

"விரதமெல்லாம் ஒழுங்காத்தான் இருந்துட்டு வந்தாங்க. காதும் சுத்தம்." சாமுண்டீஸ்வரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அருவருப்பான ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறதே என்ற சங்கடத்துடன் குரலைத் தாழ்த்தினாள். "சிறந்த பாட்டு எதுன்னு கேட்டோம். 'அத இன்னும் எழுதல'ன்னு சொல்லிட்டாங்கம்மா."